சஸ்பென்ஷன் தோஷம்

பாறை பேசுகிறதாம்.

ஹைதராபாத்தில் பாறைக்கா பஞ்சம்? கண்ட இடமெல்லாம் பாறைதான். ஆனால் மௌலா அலிக் குன்றுக்கு அப்பால் கிடந்த ஒரு கருங்கல் மட்டும் பேசியது. அதுவும் எப்போது? ராஜாக்கள் ஆண்டபோது பேசவில்லை, நிஜாம் ஆண்டபோது பேசவில்லை. பொதுத்துறைத் தொழிற்சாலை வந்து, பக்கத்தில் குவார்ட்டர்ஸ் எழும்பி, மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற குடும்பங்கள் குடியேறிய பிறகுதான் அதற்கு வாய் திறந்தது. விவரமான கல்!

வியாழனும் ஞாயிறும் அங்கே திருவிழாதான். ஷாமியானா, ஒலிபெருக்கி, தேங்காய்க் கடை, செருப்பு காக்க ஒரு ஆள். ஏதோ ஒரு சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். தெலுங்கர்களுக்கு அவர் பண்ட சுவாமி, உருது பேசுகிறவர்களுக்குப் பத்தர் பாபா, தமிழர்களுக்குப் பாறைச்சாமி. நெற்றியில் விபூதி, கழுத்தில் சிலுவை, தலையில் பச்சைத் துண்டு. எந்த மதத்தையும் புண்படுத்தாமல் எல்லா மதத்தாரிடமும் வாங்குகிற பெருந்தன்மை.

பாறையின் நெற்றியில் ஒரு வெடிப்பு. சாமி ஓரமாக மேடைபோட்டு நின்று அதில் காதை வைப்பார், கண்ணை மூடுவார். எதிரே நிற்கிறவரின் குடும்ப ரகசியத்தைக் கல் அவர் காதில் ஓதும். அதை அவர் மைக்கில் ஊருக்கே ஓதுவார். பாறைமேல் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. மனிதக் கால் பட்டால் கல் ஊமையாகிவிடும் என்று போர்டே வைத்திருந்தார்கள். மூன்று மொழியில் எழுதி, மூன்றிலும் பிழை.

வருகிறவர்கள் படிக்காதவர்களா? அதுதான் இல்லை. இன்ஜினியர் வந்தார், அக்கவுண்டன்ட் வந்தார். புரொமோஷன் எப்போது, டிரான்ஸ்ஃபர் நிற்குமா, இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் கிடைக்குமா என்று கல்லைக் கேட்டார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரியும் அதே வரிசையில்தான் நின்றிருந்தார். அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மெட்டில்டாவும் போனாள். கோயிலில் ஆராதனை முடிந்த கையோடு, பைபிள் கைப்பையில் இருக்க, அடுத்த குவார்ட்டர்ஸ் மரியபுஷ்பம் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"சும்மா வாங்கக்கா. ஜூடித் நிச்சயதார்த்தம் நல்லபடியா நடக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம். இவரும் ஒரு தீர்க்கதரிசி மாதிரிதான்."

"ஃபாதருக்குத் தெரிஞ்சா?"

"ஃபாதர் போன வாரமே வந்துட்டுப் போயிட்டாருன்னு பேச்சு."

மெட்டில்டாவின் பூர்வீகம் பாளையங்கோட்டை. மாமனார் ரயில்வேயில் வேலைக்கு வந்து சிக்கந்தராபாத்தில் வேர்விட்ட குடும்பம். கணவர் ஐசக் தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஒரே மகள் ஜூடித். லாலாகூடாவில் ரயில்வே குமாஸ்தாவான தேவராஜின் மகன் ஆர்தருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. இதில் கல்லைக் கேட்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதபோதுதான் பயமே வருகிறது.

பாறையின் முதுகோடு ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு இலவச டீ. ஊற்றிக் கொடுப்பவள் வேதா என்ற அம்மாள். சர்க்கரையைவிட அவள் பேச்சு இனிப்பு.

"வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"அவங்களுக்கு எங்க நேரம்?" மெட்டில்டா பொரிந்து தள்ளினாள். "வீட்டுல எப்பப் பாரு சஸ்பென்ஷன், சஸ்பென்ஷன்னு ஒரே புலம்பல். சோறு இறங்க மாட்டேங்கு. திடீர் திடீர்னு எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாங்க. பொண்ணுக்கு நிச்சயம் வருதேன்னு ஒரு கவலை உண்டா?"

"அய்யோ பாவம்!" என்றாள் வேதா. உள்ளே பால் பொங்குவதைப் பார்க்கச் சாக்குத் திரைக்குப் பின்னால் போனாள்.

உலகத்தில் எல்லா ஊரிலும் சஸ்பென்ஷன் என்றால் வண்டிக்கு அடியில் இருக்கும் சமாசாரம். ஸ்பிரிங், அதற்குள் குலுக்கலைத் தாங்கும் எண்ணெய்க் குழாய், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம். ஐசக் புலம்பியதும் அதைத்தான். குவைத்தில் இருக்கும் மைத்துனன் ரேடியோவில் ஓடும் ஒரு பொம்மை ஜீப் அனுப்பியிருந்தான். கையில் ஏரியல் நீட்டிய பெட்டி. பெட்டியில் குச்சியைத் தள்ளினால் ஜீப் போகும். தரையில் ஓட்ட வேண்டியதுதானே? ஐசக் அதைப் பாறை ஏற்றுவேன் என்று பிரித்துப் போட்டுவிட்டார். அது ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்பதே அவருக்குச் சாப்பாட்டிலும் நினைவு, தூக்கத்திலும் நினைவு.

ஆனால் பொதுத்துறைக் குடியிருப்பில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அதைக் கேட்டால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும்.

மெட்டில்டாவின் முறை வந்தது. சாமி வெடிப்பில் காது வைத்தார். முகம் மாறியது. மைக் கரகரத்தது.

"காகிதம் தெரியுது... ஆபீஸ் முத்திரை தெரியுது... சஸ்பென்ஷன்! அம்மா, உன் புருஷனை வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க! உன்கிட்ட மறைக்கிறான்! சோறு இறங்கலை, தூக்கம் இல்லை, உண்டா இல்லையா?"

மெட்டில்டா தலையாட்டினாள். உண்டுதானே! அப்படியானால் மூன்று வாரமாக மனுஷன் புலம்பியது ஜீப்பைப் பற்றி இல்லையா? ஜீப் ஒரு சாக்கா? தன் வீட்டுச் சாம்பாரை ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டு, என்ன ருசி என்று வியக்கிறவளைப் போல அவள் கண்ணீர் விட்டாள்.

"வீட்டுல போய்க் கேக்கட்டுமா சாமி?"

"கேட்டா டிஸ்மிஸ்!"

கேட்காமல் இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் உண்டா? பிறகு பரிகாரம் வந்தது. வரப்போகும் சம்பந்தத்தின் கால்தோஷம்தான் இது. நிச்சயத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கல்லில் ஊறிய எண்ணெய் ஒரு குப்பி. அதைச் சஸ்பென்ஷனுக்குத் தடவ வேண்டும். எப்படித் தடவுவது என்று சாமி சொல்லவில்லை. மெட்டில்டா கையிலிருந்த வளையலைக் கழற்றி எவர்சில்வர் குடத்தில் போட்டாள்.

ஒலிபெருக்கி சும்மா இருக்குமா? மறுநாள் ஐசக் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, இன்னைக்கு கேன்டீன்ல ஒரு அதிசயம். அவனவன் தன் வடையை எடுத்து என் தட்டுல வைக்கான். ஒருத்தன் தோளைத் தட்டி, எல்லாம் சரியாப்போகும்ங்கான். என்ன சரியாப்போகும்?"

மெட்டில்டா அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வேலைக்குப் போவதுபோல் எப்படி நடிக்கிறார்! வடையைக்கூடக் கற்பனை செய்கிறாரே!

அதற்கு மறுநாள் மரியபுஷ்பம் சேதி கொண்டு வந்தாள். "தேவராஜண்ணன் நிச்சயத்தைத் தள்ளி வெச்சிக்கலாம்ன்றாருக்கா. கல்லு சொன்னதை மைக்குல அவரே கேட்டாராம்."

அறைக் கதவருகே ஜூடித் நின்றிருந்தாள். "கைக்கு மம்மி, ஏன்? நான் என்ன செஞ்சேன்?" என்று ஹைதராபாத் உருதும் தமிழுமாகக் கேட்டாள். தமிழ் அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. தான் பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைத் தானே ஒரு கல்லிடம் அடகு வைத்துவிட்டோமே என்று மெட்டில்டாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால்தான் டிஸ்மிஸ் ஆயிற்றே.

அன்று சாயங்காலம் அலமாரியைத் திறந்தால் எண்ணெய்க் குப்பி காலி. பின்வாசலில் ஐசக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க இருந்த எண்ணெய் எங்க?"

"அதுவா? சஸ்பென்ஷனுக்கு ஊத்திட்டேன்."

மெட்டில்டா குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"தெரியாம என்ன? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது சஸ்பென்ஷனுக்குன்னே செஞ்ச எண்ணெய்னு."

"சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சாவா? பிரமாதம்! மூணு வாரத் தலைவலி ஒரே நிமிஷத்துல போச்சு."

"ஆண்டவரே!" அவள் கைகூப்பினாள். "ஆர்டர் வந்துட்டா? திரும்ப எடுத்துக்கிட்டாங்களா?"

"ஆர்டரா? என்ன சொல்லுதே நீ? வா, காட்டுதேன்."

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த பாறைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார். ஜீப்பைக் கீழே வைத்துக் குச்சியைத் தள்ளினார். அது மெல்ல ஏறியது. ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில். உடம்பு மட்டும் அலுங்கவில்லை.

"பாத்தியா? முதல்ல ஸ்பிரிங் விறைப்பு. ஒரு சக்கரம் ஏறுனா இன்னொண்ணு அந்தரத்துல தொங்கும். இளகின ஸ்பிரிங் போட்டேன், நாலும் கல்லோட ஒட்டிச்சு. ஆனா படி மாதிரி வர்ற இடத்துல உடம்பு தொட்டில் ஆடுது. ஆட்டம் நிக்கதுக்குள்ள அடுத்த படி, அப்படியே மல்லாக்க விழுது. உள்ள இருந்தது தையல் மெஷின் எண்ணெய், தண்ணி மாதிரி. இது கெட்டி. ஆட்டம் அடங்கிருச்சு. இதான் சஸ்பென்ஷன்!"

மெட்டில்டா அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். வடைக்குக் காரணம் புரிந்ததும் ஐசக்கும் சிரித்தார். ஜூடித் சங்கதிக்கு வந்தபோது அவர் சிரிப்பு நின்றது.

"ஒரு கல்லு சொல்லிச்சுன்னு எம் பொண்ணை வேண்டாம்னாங்களா?"

"கோவப்படாதீங்க. ஆனா அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? எண்ணெயும் வேலை செஞ்சிருக்கே?"

பக்தி லேசில் போகுமா? அது பழைய துணிக் கறை, கசக்கினாலும் விளிம்பு தங்கும். ஐசக் விவாதிக்கவில்லை. குழாய்களைத் திறந்து சாமி எண்ணெயை வடித்தார். மறுநாள் மளிகைக் கடை விளக்கெண்ணெயை வாங்கி ஊற்றினார். வேறு எதையும் தொடவில்லை. ஜீப் அதே பாறையில் அதே மாதிரி ஏறியது.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்," என்றார். "ரெண்டை மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. சாமி குப்பியில இருந்ததும் விளக்கெண்ணெய்தான். இப்ப சாமியை மட்டும் எடுத்துட்டேன், எண்ணெய் அப்படியே இருக்கு. அப்ப ஏத்துனது யாரு?"

மெட்டில்டா இந்தப் பாடத்தை ஆயிரம் தடவை கேட்டுக் கொட்டாவி விட்டவள். இன்றுதான் அது காதில் விழுந்தது. அன்றைக்கு என்னென்ன செய்தோம் என்று யோசித்தாள். வரிசையில் நின்றோம். டீ குடித்தோம். வளையல் போட்டோம். சஸ்பென்ஷன் என்ற சொல்லை அன்று யாருடைய வாய் சொன்னது? நம்முடைய வாய்! எங்கே?

வியாழக்கிழமை அவள் ஒன்றே ஒன்றை மாற்றினாள். டீ குடிக்கவில்லை. வேதா கூப்பிடக் கூப்பிட வாயைத் திறக்காமல் வரிசையில் போய் நின்றாள். சாமி வெடிப்பில் காது வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். தகரக் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, உன் மனசுல மேகம். கல் இன்னைக்குப் பேசாது" என்று அனுப்பிவிட்டார். கல் பேசுவதானால் முழுக் கல்லும் பேச வேண்டாமா, அந்த ஒரு வெடிப்பு மட்டும் ஏன் பேசுகிறது என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினாள்.

ஞாயிறு வந்தது. இந்தத் தடவை டீ குடித்தாள். இரண்டு கிளாஸ்.

"வீட்டுல எப்படிம்மா இருக்காரு?" என்றாள் வேதா.

பொய் சொல்லக் கூடாது என்பது மெட்டில்டாவின் வேதம். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. முந்தின நாள் ஜீப் பாறையிலிருந்து உருண்டு விழுந்தது சத்தியம். "அதை ஏன் கேக்கீங்க? நேத்து பாறையில இருந்து விழுந்து, வலது ஆர்ம் ரெண்டா உடஞ்சுபோச்சு. கட்டுப் போட்டு வச்சிருக்கு. மனசே சரியில்ல" என்று பெருமூச்சு விட்டாள்.

வேதாவுக்குப் பால் பொங்கியது. உள்ளே ஓடினாள்.

கூட்டம் நெரிந்தது. தேவராஜும் முன்வரிசையில் நின்றிருந்தார். இன்னும் நல்ல மருமகளாகக் கேட்டு வைக்க வந்திருப்பார். சாமி காது வைத்தார். இந்தத் தடவை கல் தடையில்லாமல் பேசியது.

"சொன்னேனே கேட்டியா? பரிகாரத்தைச் சரியாச் செய்யலை! உன் புருஷன் பாறையிலேர்ந்து விழுந்துட்டான்! வலது கை ரெண்டா முறிஞ்சுபோச்சு! கட்டுப் போட்டுப் படுத்த படுக்கையா கிடக்கிறான்!"

"ஐயோ" என்றது கூட்டம்.

"படுக்கையில இல்ல சாமி, இங்க இருக்கேன்!"

பின்வரிசையிலிருந்து ஐசக் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது கையை முன்னும் பின்னும் சுழற்றிக் காட்டினார். கூட்டம் சிரித்ததா? சாமி சிரிக்கவிட்டால்தானே!

"கல் நடந்ததை மட்டுமா சொல்லும்? நடக்கப்போறதையும் சொல்லும்! நாளைக்கு முறியும்!"

"ஆமா, ஆமா, நாளைக்கு" என்று தலைகள் ஆடின. முறியாத கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, முறியப்போகும் கைக்காக இரக்கப்பட்டார்கள். நம்புவதென்று முடிவெடுத்தவனுக்குக் கண் ஒரு இடைஞ்சல்.

மெட்டில்டா மேடை ஓரத்துக்கு வந்தாள். "சாமி, முறிஞ்சது இவங்க கை இல்ல. ஜீப்போட ஆர்ம். நான் டீக்கொட்டகையில சொன்னது ஆர்ம். உங்க கல்லுக்கு இங்கிலீஷ் வரும் போலிருக்கு, கைன்னு மாத்திருச்சு. இருக்கட்டும். அந்தக் கல்லை நாங்களே ஒரு தடவை கேக்கலாமா?"

"மனிதக் கால் படக் கூடாது!"

"கால் வேண்டாம். சக்கரம் போகட்டும்."

வலது ஆர்மில் பிளாஸ்திரி சுற்றிய ஜீப்பை ஐசக் பாறையடியில் வைத்தார். குச்சியைத் தள்ளினார். கூட்டம் வாயைப் பிளந்தது. சாமி குறுக்கே வர முடியுமா? பாறையில் கால் வைக்கக் கூடாது என்று போர்டு வைத்தவரே அவர்தான். மூன்று மொழியில்!

ஜீப் படிப்படியாக ஏறியது. ஓரிடத்தில் ஒரு சக்கரம் வழுக்கியது. மெட்டில்டாவின் நெஞ்சும் வழுக்கியது. ஜூடித்தின் வாழ்க்கையே அந்த நான்கு ஸ்பிரிங்கில் தொங்குவதுபோல் இருந்தது அவளுக்கு. ஜீப் ஆடவில்லை. மறுபடி பிடித்து ஏறி, வெடிப்பின் விளிம்புக்கு வந்து, முன் சக்கரத்தை உள்ளே தணித்தது. ஐசக் குச்சியைப் பின்னுக்கு இழுத்தார்.

ஜீப் தனியாக இறங்கவில்லை. அச்சில் எதையோ மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பச்சை நிறம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய்.

மெட்டில்டா எட்டி அதைப் பிடித்தாள். குழாயின் வாயை மைக்கின் வாயில் வைத்தாள். மறுமுனை டீக்கொட்டகைத் திரைக்குப் பின்னால். அடுப்பு இரைச்சலில் வெளியே நடந்தது எதுவும் தெரியாமல், ஒலிபெருக்கியில், கருங்கல்லின் குரலில் வேதா பேசினாள்.

"ஹலோ, கேக்குதா? அடுத்தது பச்சைச் சேலை, மருமகளோட சண்டை. அதுக்கடுத்தது வழுக்கைத் தலை, குவார்ட்டர்ஸ் கேஸ். அந்தக் கை முறிஞ்சவரோட பொண்டாட்டி வளையலைத் திருப்பிக் கேட்டா, உருக்கியாச்சுன்னு சொல்லிடு. ஹலோ? என்ன, காது அடைச்சிருக்கா?"

பச்சைச் சேலைக்காரி தன் சேலையைப் பார்த்துக்கொண்டாள். வழுக்கைத் தலைக்காரர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. சிரிப்பு கோபமாக மாறுவதற்குள் சாமி போர்டையும் மறந்து பாறைமேல் ஏறி அந்தப்பக்கம் குதித்துவிட்டார். மனிதக் கால் பட்டும் கல் ஒன்றும் சொல்லவில்லை. மெட்டில்டா குடத்துக்குள் கையை விட்டு, உருகாத தன் வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தேவராஜ் நெளிந்துகொண்டே வந்தார். "சம்பந்தி, ஏதோ ஒரு குழப்பம்... நிச்சயத்தை அதே தேதியில..."

ஐசக்கோடு வந்திருந்த ஜூடித் முந்திக்கொண்டாள். "நக்கோ அங்கிள், வேண்டாம். ஆர்தர் வந்து என்கிட்ட கேக்கட்டும். கல்லுகிட்ட கேட்டது போதும்."

தேவராஜ் தலையாட்டிவிட்டு மகனை அழைத்துவர நடந்தார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் யாரோ ஜீப்பின் நான்கு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் பானெட்டில் குங்குமம் பூசினாள். பச்சைச் சேலைக்காரி ஐசக்கிடம் பவ்யமாகக் குனிந்து கேட்டாள்:

"ஏன் சார், இந்த ஜீப்பு வியாழக்கிழமையும் ஏறுமா? எம் மருமகளைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

மெட்டில்டா மைக்கை இழுத்தாள்.

"இந்த ஜீப்புக்கு மூளை கிடையாது. அதனாலதான் பெட்டி யார் கையில இருக்கோ, அவங்க தள்ளுன பக்கமெல்லாம் போகுது. உங்களுக்கு மூளை இருக்கு. பெட்டியை ஏன் அடுத்தவன் கையில குடுத்துட்டு நிக்கீங்க?"